சிறுவயதில் பார்த்த கொள்ளிவாய்ப் பிசாசு: அபுனைவு நூலில் விளக்கம் எழுதுவதா, விட்டுவிடுவதா?

உப்பளத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்தக் காசு போட்டு இதுவரை இரண்டு நூல்கள் கொண்டுவந்திருக்கிறேன். முதலாவது, 1970களில் வேதாரண்யம் பக்கத்தில் கழிந்த என் பள்ளிப் பருவம். இரண்டாவது, கோடியக்கரைக் காடு, வெளிமான், பூநாரை, சதுப்பு பற்றியது. இரண்டும் பெரும்பாலும் சொந்தக்காரர்களுக்கும் கூடப் படித்தவர்களுக்கும்தான் போய்ச் சேர்ந்தன என்பது வேறு விஷயம்.

மூன்றாவது நூல் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. சிறுவயதில் எங்கள் பக்கம் பார்த்த, கேட்ட, பிடிபடாத விஷயங்கள். சதுப்பில் ராத்திரியில் தெரியும் வெளிச்சம், அதாவது கொள்ளிவாய்ப் பிசாசு. உப்பளக் காவல் கொட்டகையில் படுத்தால் நெஞ்சின் மேல் வந்து உட்காரும் அமுக்குவான். மேகமே இல்லாத பகலில் கடல் பக்கமிருந்து வரும் வெடிச்சத்தம். 1977 நவம்பர் புயலன்று வீட்டுக்குள் புகுந்து வெளியேறியதாக அத்தை சொல்லும் தீப்பந்து. அப்புறம் இருக்கவே இருக்கிறது புளியமரம்.

படித்துப் பார்த்த இரண்டு பேர் என்னை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர், ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ‘உண்மை என்ன’ என்று ஒரு பெட்டி போடு என்கிறார். தட்டச்சு செய்து கொடுத்த தம்பியோ, பெட்டி போட்டால் புத்தகம் செத்துவிடும் என்கிறான். பதிப்பாசிரியர் என்று எனக்கு யாரும் கிடையாது. நீங்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பேர்வழி:
பெட்டி போடுங்கள் ஐயா. போடாவிட்டால் கடைக்காரர் உங்கள் நூலை மாந்திரீகம் அலமாரியில் கொண்டுபோய் வைப்பார்.

பின்கட்டு:
பெட்டி வேண்டாம். இயற்கை பற்றிய புத்தகம் வாங்கினால் பாடநூல் வந்து சேருவதுதான் தமிழில் நடக்கிறது.

மழைமானி:
பெட்டி போடுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், பெட்டிக்குள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று பார்ப்போம். கொள்ளிவாய்ப் பிசாசை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எல்லா அறிவியல் ஆசிரியர்களும் சொல்வது ஒரே வரி: ‘அது சதுப்பில் கிளம்பும் மீத்தேன் எரிவது, அவ்வளவுதான்.’ அவ்வளவுதானா?

சதுப்பில் மீத்தேன் வருவது நிச்சயம். காற்றுப் புகாத சேற்றில் இலைதழை மக்கும்போது நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. 1776ல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் வோல்ட்டா என்ற அறிவியலாளர் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்தே காட்டினார். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. தீக்குச்சி கிழிப்பது யார்? பாஸ்பீன் குடும்பத்து வாயு ஒன்று காற்றுப் பட்டதும் பற்றும், அதுதான் திரி என்று நீண்ட காலம் சொன்னார்கள். அதை எரித்தால் வெள்ளைப் புகையும் கெட்ட நாற்றமும் வரும். பார்த்தவர்கள் சொல்லும் வெளிச்சமோ பெரும்பாலும் புகையில்லாதது, நீலம் பாய்ந்தது, பக்கத்தில் போனால் சுடாதது. 2025ல்தான் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஜாரேயின் குழு, நீருக்குள் மீத்தேனும் காற்றும் கலந்த நுண்குமிழிகளுக்கு இடையே மிகச் சிறிய மின்பொறிகள் தாவுவதையும், அதனால் மீத்தேன் மெல்ல எரிந்து ஒளிவிடுவதையும் ஆய்வகத்தில் காட்டியது. சதுப்பிலும் இதேதான் நடக்கிறது என்பதற்கு இன்னும் களத்தில் போய் அளந்தாக வேண்டும்.

ஆக, உங்கள் ஆசிரியர் நண்பரின் பெட்டி 1990ல் அச்சாகியிருந்தால் இன்றைக்குப் பாதிதான் சரியாக இருக்கும். பெட்டியில் ‘உண்மை’ என்று தலைப்பு வைக்காதீர்கள். விளக்கம் எந்த ஆண்டு எதுவரை வந்திருக்கிறது என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் பேயை விடவும் சுவாரசியம் அதில்தான் இருக்கிறது.

உப்பளத்தான்:
மழைமானி, நன்றி. நாங்கள் பார்த்ததில் புகை கிடையாது. நிறம் நீலம் என்று அம்மா சொல்வார். எனக்கு மஞ்சளாகத்தான் நினைவு.

சந்தேகப்பேர்வழி:
மஞ்சள் என்றால் இறால் பிடிக்கிறவர் கையிலிருந்த அரிக்கேன் விளக்காகவும் இருக்கலாம். இதையும் பட்டியலில் சேருங்கள். தூரத்தில் ஆள் தெரியாது, விளக்கு மட்டும் நகரும்.

கல்லடி:
மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஊரை ‘மீன் பாடும் தேனாடு’ என்று சொல்வதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வெறும் பட்டப்பெயர் இல்லை. கல்லடிப் பாலத்துக்குக் கீழே வாவியில் பூரணை இரவுகளில், காற்று அடங்கியிருந்தால், தண்ணீருக்குள் இருந்து ஒரு இசை கேட்கும். தோணிக்காரர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். கேட்டவர்கள், ஒரு குரல் இல்லை, பல தந்திகளை ஒன்றாக மீட்டினது மாதிரி என்பார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் காலனி அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதை நேரில் கேட்டு எழுதியிருக்கிறார். மீனவர்கள் அவருக்கு, பாடுவது மீன் இல்லை, ஊரி என்று சொன்னார்கள். ஊரி என்றால் இந்தச் சிப்பி, சங்கு வகைதான். 1950களில் எங்கட ஊரில் இருந்த அமெரிக்க இயேசுசபைக் குருவானவர் ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்தார். மீனா, ஊரியா, பாறை இடுக்கில் ஓடும் தண்ணீரா என்று இன்னும் யாரும் முடிவாக நிறுவவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். டெனன்டின் பக்கங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறோம் என்றால், அவர் கேட்ட சத்தத்தை ஒரு தரமும், சனங்கள் சொன்ன காரணத்தை இன்னொரு தரமும் தனித்தனியாக எழுதியதால்தான். இரண்டையும் குழைத்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சியிராது. அண்ணை, உங்கட அம்மா ‘நீலம்’ என்றதையும் நீங்கள் ‘மஞ்சள்’ என்றதையும் இரண்டையுமே போடுங்கோ. ஒன்றாக்கிப் போடாதேங்கோ.

பண்பாட்டுக்காவலன்:
புளியமர அத்தியாயத்தில் இதைக் கட்டாயம் சேர்க்கவும். புளியமரம் இரவில் கரியமில வாயுவை அதிகமாக வெளிவிடும். அடியில் தூங்கினால் மூச்சு முட்டும். இதை நேரடியாகச் சொன்னால் கேட்க மாட்டோம் என்றுதான் முன்னோர்கள் பேய் என்று சொல்லி வைத்தார்கள். நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல.

மழைமானி:
இதைச் சேர்த்துவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எல்லா மரமும் இரவில் சுவாசிக்கிறது, கரியமில வாயு விடுகிறது. ஆனால் அளவு மிகக் குறைவு. திறந்த வெளியில் அது உடனே காற்றோடு கலந்து போய்விடும். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு வெளிவிடும் கரியமில வாயுவே கிட்டத்தட்ட 1 கிலோ வரை வரும். மூடிய அறையில் நான்கு பேர் வரிசையாகப் படுத்துத் தூங்கும் வீட்டில் பக்கத்தில் படுத்திருக்கும் மச்சானுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். மேலும் அது புளியமரத்துக்கு மட்டும் ஏன்? வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுத் தூங்கும் ஊர்தானே இது.

பேயாவது நேர்மையானது. தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

பண்பாட்டுக்காவலன்:
வெள்ளைக்காரன் சொன்னால்தான் ஒப்புக்கொள்வீர்கள். உங்களோடு பேசிப் பயனில்லை.

பின்கட்டு:
புளியமரத்துக்கு நான் ஒரு சாட்சி. எங்கள் ஊர்ச் சாலையோரப் புளியமரப் பொந்தில் கூகை குடியிருந்தது. ராத்திரி பஸ் வெளிச்சத்தில் அடிவயிறு வெள்ளையாகத் தெரியும், சிறகடிக்கும் சத்தமே கேட்காது. திடீரென்று பெண் அலறுவது போல ஒரு கத்து. அந்தப் பறவை எங்கள் பக்கம் சாவுக்குருவி. வயதான மரத்தில் பொந்து இருக்கும், பொந்தில் கூகை இருக்கும், அதனால் வயதான மரத்தில் பேய் இருக்கும். இது எல்லாப் புளியமரத்துக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. எங்கள் மரத்துக்குப் பொருந்தும்.

டாப்ஸ்லிப்:
விளக்கம் என்றாலே பார்த்தவர் சொன்னதைப் பொய்யாக்குவது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்களோ என்று தோன்றுகிறது. தலைகீழாகவும் நடந்திருக்கிறது.

தென்கிழக்கு ஆசிய ஆற்றங்கரைகளில் மரம் முழுக்க மின்மினிகள் ஒரே கணத்தில் எரிந்து ஒரே கணத்தில் அணைகின்றன என்று பயணிகள் பல காலமாக எழுதிவந்தார்கள். படித்தவர்கள் நம்பவில்லை. 1917ல் சயன்ஸ் இதழிலேயே ஒருவர், இது பார்ப்பவரின் இமை துடிப்பதால் வரும் மயக்கம், பூச்சிக்கு இதில் பங்கில்லை என்று எழுதினார். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதி தாய்லாந்துக்குப் போய் மின்மினிகளைப் பிடித்துவந்து பாங்காக்கில் இருட்டறைக்குள் விட்டுப் பார்த்தார்கள். முதலில் இஷ்டத்துக்கு மினுக்கியவை, கொஞ்ச நேரத்தில் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகத் தாளம் சேர்ந்துகொண்டன. பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்து ஒவ்வொன்றும் தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது, நடத்துநர் யாரும் இல்லை.

எங்கள் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி சரகத்தில் 2022 ஏப்ரலில் இப்படிப்பட்ட பெருங்கூட்டத்தை வனத்துறை ஆவணப்படுத்தியது. மலையில் குடியிருப்பவர்களுக்கு அது செய்தியே இல்லை. அவர்களுக்கு அது ஏப்ரல் மாதம்.

எனவே விளக்கத்தைக் கடைசியில் தீர்ப்பு மாதிரி வைக்காதீர்கள். யார் சந்தேகப்பட்டார்கள், யார் போய்ப் பார்த்தார்கள் என்று அதையும் நடந்த விஷயமாகவே சொல்லலாம்.

உப்பளத்தான்:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வெடிச்சத்தத்துக்கும் தீப்பந்துக்கும் என்னிடம் அப்படி ‘போய்ப் பார்த்தவர்’ யாரும் இல்லையே.

மழைமானி:
இரண்டுக்கும் இருக்கிறார்கள்.

வெடிச்சத்தம்: வங்காள விரிகுடாவின் வடமுனையில், இன்றைய வங்கதேசத்தின் பாரிசால் பகுதியில், 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ‘பாரிசால் பீரங்கி’ என்றே பெயர் வைத்தார்கள். பெல்ஜியக் கடற்கரையிலும், அமெரிக்காவில் செனிகா ஏரியிலும் இதேபோல உண்டு. ஆழமில்லாத சிறு நிலநடுக்கம், தொலைவில் இடித்த இடியின் ஒலி காற்றடுக்குகளில் வளைந்து வருவது, கடலடியிலிருந்து வாயு வெடித்துக் கிளம்புவது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லா இடத்துக்கும் ஒரே காரணமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2020லிருந்து தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய் போர்விமான அணி இருக்கிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டினால் கீழே வெடிதான். டெல்டாவில் இருக்கும் எந்த இளைஞரும் உங்கள் அத்தியாயத்தைப் படித்தவுடன் ‘அட, ஃபிளைட் சத்தம்’ என்பார். ஆகவே நீங்கள் கேட்டது எந்த ஆண்டு என்று அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

தீப்பந்து: பந்து மின்னல் என்பார்கள். புயல், இடி நேரத்தில் வீட்டுக்குள் புகுந்ததாகப் பல நாடுகளில் சாட்சியங்கள் உண்டு. கருவியில் பிடிபட்டது மிக அரிது. 2012ல் சீனாவில் சிங்ஹாய் பகுதியில் சாதாரண மின்னலைப் படமெடுக்கப் போன குழுவின் கருவியில் தற்செயலாக ஒன்று அகப்பட்டது. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் சிலிக்கன், இரும்பு, கால்சியம். அதாவது மண்ணில் இருக்கிற சமாச்சாரங்கள். 2014 தொடக்கத்தில் கட்டுரை வந்தது. மின்னல் தரையை அடித்து மண்ணை ஆவியாக்குகிறது என்ற கருத்துக்கு இது வலு சேர்க்கிறது. மூடிய வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதற்கு இது போதாது.

பின்கட்டு:
அமுக்குவானுக்கு மட்டும் தயவுசெய்து நீட்டி முழக்காதீர்கள். தூக்கத்தில் கனவு வரும் கட்டத்தில் உடல் தசைகளை மூளை செயலிழக்க வைத்திருக்கும். அது விலகுவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், கை அசையாது, நெஞ்சு கனக்கும், யாரோ நிற்பதாகத் தோன்றும். உலகம் முழுக்க இருக்கிறது. ஒரு பத்தி போதும். அந்தக் கொட்டகை எப்படி இருந்தது, உப்பு வாரும் மாதங்களில் பகல் முழுக்க வெயிலில் நின்ற உடம்பு எப்படித் தூங்கியது என்று எழுதுங்கள், அதைத்தான் வேறு யாரும் எழுத முடியாது.

சந்தேகப்பேர்வழி:
அத்தை விஷயத்துக்கு வருவோம். 1977ல் நடந்ததை அத்தை எப்போது சொன்னார்?

உப்பளத்தான்:
வருஷா வருஷம் சொல்வார். இப்போது அவர் இல்லை.

சந்தேகப்பேர்வழி:
அங்கேதான் சிக்கல். 1995ல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழு ஒரு சோதனை வெளியிட்டது. 24 பேரிடம், சிறுவயதில் நீங்கள் கடைவளாகத்தில் தொலைந்து போய் அழுதீர்கள் என்று ஒரு நடக்காத சம்பவத்தை, குடும்பத்தார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். 6 பேருக்கு அது முழுதாகவோ அரைகுறையாகவோ ‘நினைவு’ வந்துவிட்டது. சில தடவை பேசியதற்கே இப்படி என்றால், வருஷா வருஷம் சொன்ன அத்தை என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். நீங்களே அங்கே இருந்ததாகக் கூட எழுதிவிடுவீர்கள்.

அத்தை பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ‘அத்தை சொன்னது’ என்ற வேலியைத் தாண்டாதீர்கள் என்கிறேன். சரிபார்க்க முடிந்ததைச் சரிபாருங்கள். நாகப்பட்டினத்தில் அந்தப் புயல் கரை கடந்தது 1977 நவம்பர் 12. அத்தை அன்றைக்கு எந்த வீட்டில் இருந்தார், கூரை ஓடா கீற்றா, வேறு யாராவது உடன் இருந்தார்களா, உயிரோடு இருந்தால் தனியாகப் போய்க் கேளுங்கள். நீங்கள் தீப்பந்து என்ற சொல்லை எடுக்காமல், அன்று ராத்திரி என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

பின்கட்டு:
தேதி கண்டுபிடிக்க இன்னொரு வழி: எல்லோருக்கும் நினைவிருக்கும் பொது விஷயத்தோடு முடிச்சுப் போடுவது. 1979 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலாப் தலையில் விழப் போகிறது என்று ஊரே நடுங்கியது. 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தன்று தெருவில் ஒரு ஆள் கிடையாது. ‘வெடிச்சத்தம் ஸ்கைலாப்புக்கு முன்னாடியா, அப்புறமா’ என்று கேட்டால் எங்கள் சித்தப்பா டக்கென்று சொல்லிவிடுவார்.

டாப்ஸ்லிப்:
பிள்ளைப்பருவம், விளங்காத நிகழ்வுகள் இரண்டையும் எழுதிய ஒருவர் நியூயார்க்கில் இருந்தார். சார்லஸ் ஃபோர்ட், 1874ல் பிறந்தவர். தன் பிள்ளைப்பருவத்தை எழுதினார், உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. உறவினர் வழியில் கொஞ்சம் சொத்து வந்ததும் வேலையை விட்டு நியூயார்க் பொது நூலகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உட்கார்ந்துவிட்டார். மீன் மழை, தவளை மழை, வானத்து வெளிச்சம், விஞ்ஞானிகள் ஓரம் தள்ளியதையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் குறித்துக் குவித்தார். 1919லிருந்து 1932ல் இறக்கும் வரை நான்கு நூல்கள். டெலிபோர்ட்டேஷன் (ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவது) என்ற சொல்லைப் பரப்பியவரும் அவர்தான்.

அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. எந்தத் தகவலையும் தேதியும் இடமும் வந்த பத்திரிகையும் இல்லாமல் பெரும்பாலும் விடமாட்டார். விட்டுத்தள்ள வேண்டியதும் ஒன்று. பத்திரிகையில் வந்தால் போதும், நேரில் போய்ப் பார்க்க மாட்டார். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகள் இடம் நிரப்பக் கட்டுக்கதை போடுவது சாதாரணம்.

மழைமானி:
ஃபோர்ட்டுக்கு நேரெதிர் ஆள் பிரெஞ்சு அறிவியலாளர் பியோ. வானத்திலிருந்து கல் விழுகிறது என்று குடியானவர்கள் சொன்னதைப் பாரிஸ் அறிஞர்கள் ரொம்ப காலம் ஏற்கவில்லை. 1803 ஏப்ரல் 26 அன்று நார்மண்டியில் லேகிள் ஊர்ப்பக்கம் ஆயிரக்கணக்கில் கல் விழுந்தது. பியோ அங்கே போய் ஊர் ஊராக நடந்து, ஒருவரையொருவர் அறியாத பலரிடம் தனித்தனியாகக் கேட்டார். கூடவே கல்லையும் பார்த்தார். அந்தப் பக்கத்துச் சுரங்கத்திலோ பாறையிலோ அப்படிப்பட்ட கல் கிடையாது. அந்த அறிக்கைக்குப் பிறகு வாதம் கிட்டத்தட்ட முடிந்தது. சந்தேகப்பேர்வழி சொன்ன ‘தனியாகப் போய்க் கேளுங்கள்’ இதுதான்.

ஈரநிலம்:
பேய்க்கு நான் வரவில்லை. இரண்டாவது நூலில் ஓர் அத்தியாயத்தில் நட்சத்திர ஆமை எங்கே முட்டையிடும் என்று ஊர்ப்பெயர், திடல் பெயர் எல்லாம் கொடுத்திருந்தீர்கள். மூன்றாவதில் அப்படி வேண்டாம். நட்சத்திர ஆமை கடத்தப்படும் விலங்கு. தேவாங்குக்கும் இதேதான். ராத்திரி மரத்தில் இரண்டு கண் மின்னியது என்ற அத்தியாயம் இருந்தால் தாலுக்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாந்திரீகத்துக்கென்று அதைப் பிடிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கடவூரில் 2022ல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள், அதைப் பெயர் சொல்லி எழுதினால் போதும்.

இன்னொன்று. அந்தக் காலத்துச் சதுப்பும் இன்றைய சதுப்பும் ஒன்றல்ல. சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது, நன்னீர் வரத்து எப்படி மாறியது, உப்பளம் எதுவரை பரவியது என்பதைச் சொல்லாமல் வெளிச்சத்தை மட்டும் எழுதினால், வெளிச்சம் இப்போது ஏன் தெரிவதில்லை என்பது பெரிய மர்மமாகிவிடும். தெருவிளக்கே பாதிக் காரணமாக இருக்கலாம்.

உப்பளத்தான்:
ஈரநிலம், ஆமை அத்தியாயத்தை அடுத்த அச்சில் மாற்றுகிறேன்.

மற்றவர்கள் சொன்னதிலிருந்து இப்படி வைத்துக்கொள்ளப் போகிறேன். பெட்டி கிடையாது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் நான் பார்த்தது அல்லது கேட்டது முதலில், ஆண்டோடு. ஊர் என்ன சொன்னது என்பது அடுத்தது, சொன்னவர் யார் என்பதோடு. பிறகு உலகத்தில் வேறெங்கே இது பதிவாகியிருக்கிறது, யார் போய்ப் பார்த்தார்கள். அமுக்குவான் சின்னதாகப் போகிறது. சதுப்பு வெளிச்சம் புத்தகத்தில் நீளமான அத்தியாயமாகிவிடும் போலிருக்கிறது. புளியமரத்தில் பாட்டி சொன்னது இருக்கும், கரியமில வாயு இருக்காது. தீப்பந்துக்கு, அன்றிரவு பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒருவர் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறார், போய்க் கேட்கப் போகிறேன். அவர் இல்லை என்று சொன்னாலும் அதையும் எழுதுவேன்.

கடைசியாக ஒரு அச்சுக் கேள்வி. போன தடவை ஒரு நிறுவனம் ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச அடையாள எண்) வாங்கித் தருகிறோம் என்று தனியாகப் பணம் பிடுங்கியது. இந்தத் தடவை நானே செய்ய முடியுமா?

அச்சுக்கூடம்:
முடியும். இந்தியாவில் ஐஎஸ்பிஎன்னுக்குக் கட்டணமே கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமையின் இணையதளத்தில் ஆசிரியர்-பதிப்பாளர் என்று பதிவு செய்து நீங்களே வாங்கலாம். கொஞ்சம் நாள் எடுக்கும், அட்டை வடிவமைப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். புத்தகம் வந்ததும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுகிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. செய்தால் நூறு வருஷம் கழித்து யாராவது கொள்ளிவாய்ப் பிசாசைத் தேடி வரும்போது உங்கள் புத்தகம் அலமாரியில் இருக்கும்.

யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் அப்படியே கொடுங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், மெய்ப்பு பார்த்தே கண் போய்விடும். 100 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல். 500க்கு மேல் போனால் ஆஃப்செட், அதில் பக்கக் கணக்கை 16ஆல் வகுபடும்படி வைத்துக்கொள்ளுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம், 144 பக்கம் என்றால் 9 ஃபாரம், சரியாக உட்காரும். 150 வந்தால் அந்த 6 பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும். குறைக்க வேண்டி வந்தால் நன்றியுரையில் குறையுங்கள், சதுப்பில் கை வைக்காதீர்கள்.